ஜன்னலில் மிளகுக்கு ஒரு வாசல்

அம்மாவின் தூக்கத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் பூனைக் கதவு வைத்தோம். பூனை தானே தள்ளித் திறந்து போய்வரும்படி ஒரு மடல் தொங்கும் சின்னக் கதவு அது.

பூனையின் பெயர் மிளகு. நான்கு வயது, பெண் பூனை. பெங்களூரு ஜோகுபாளையத்தில், அல்சூர் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில், கிரவுண்ட் ஃப்ளோரில் வாடகைக்கு இருக்கிறோம். விடியற்காலை மூன்றரை மணிக்கு மிளகு பின்கதவருகே வந்து உட்கார்ந்து கத்தும். வெளியே விட்டால் ஐந்து மணிக்கு உள்ளே வரக் கத்தும். பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும், அது அவற்றின் இயல்பு. எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் கலையாது. அம்மாவுக்குக் கலைந்துவிடும். அவருக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஜூலை மாதத்தில் ஒருநாள் இருட்டில் எழுந்து போய்க் கதவைத் திறந்தவர், துணி துவைக்கும் இடமான யுடிலிட்டியின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று காலையிலேயே நான் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமே என்று பலர் சொன்னார்கள். எங்கள் தெருவில் அந்த மழைக்காலத்தில் இரண்டு வீடுகளில் டெங்கு வந்திருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடிந்த உடனேயும் பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் அதிகம் கடிக்கும். மிளகு போய்வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதனால் திறந்த ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் பின்கதவில் ஓட்டை போடலாம் என்று நினைத்து, மாடியில் இருக்கும் ஓனர் ஆன்ட்டியிடம் கேட்டேன். நல்ல மனுஷி. ஆனால் அது தேக்குக் கதவு, அவருடைய மாமனார் காலத்தில் செய்தது. "கதவை மட்டும் தொடாதீங்கம்மா. ஜன்னல்ல என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க, காலி பண்றப்ப பழையபடி இருக்கணும்" என்றார். இங்கே பெயின்ட் அடிக்கவே அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஓட்டை போட்ட தேக்குக் கதவுக்கு எவ்வளவு போகும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் மறுத்தது நல்லதாகப் போயிற்று.

ஜன்னல் என்றதும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். யுடிலிட்டியைப் பார்த்த ஸ்டோர் ரூம் ஜன்னலில் இருப்பது டஃபன்டு கண்ணாடி. அதை ஒருமுறை பதப்படுத்திவிட்டால் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, மொத்தமும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும் என்று கடைக்காரர் விளக்கினார். ஓட்டையோடு வேண்டுமென்றால் அளவு கொடுத்துப் புதுக் கண்ணாடியில் முதலில் ஓட்டை போட்டு, அப்புறம் பதப்படுத்தி வாங்க வேண்டும். காலி செய்யும்போது அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அந்த ஜன்னலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு கண்ணாடிச் சட்டம், ஒரு கொசுவலைச் சட்டம், மூன்றுக்கும் தனித்தனி டிராக். யுடிலிட்டிக்கே வெளியில் கிரில் போட்டிருப்பதால் இந்த ஜன்னலில் கம்பி கிடையாது. கிரில் கம்பிகளுக்கு நடுவே மிளகு தாராளமாக நுழைந்துவிடும். ஒரு கண்ணாடியை ஓர் அடி நகர்த்தி, அந்த இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளைவுட் பட்டையைச் செருகி, பட்டையில் பூனைக் கதவைப் பொருத்தினால்? எதையும் உடைக்க வேண்டாம். காலி செய்யும் அன்று பட்டையை உருவி எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கதவு வாங்குவதில் எனக்கு ஒரு வாரம் போயிற்று. மூன்று வகை பார்த்தேன். மைக்ரோசிப் கதவு, பூனையின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் போட்டிருக்கும் அரிசி அளவுச் சிப்பின் பதினைந்து இலக்க எண்ணைப் படித்து, நம் பூனைக்கு மட்டும் திறக்கும். சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, கதவுக்குத்தான் வேண்டும். மிக நல்ல ஏற்பாடு, ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டாவது, கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டும் வகை. கிரில் கம்பியில் நுழைந்து நுழைந்து போகிற பூனைக்குக் கழுத்தில் எதையும் கட்ட எனக்கு மனமில்லை. இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டை கிடைக்கிறது என்றாலும் பயமாகவே இருந்தது. கடைசியில் நான்கு நிலைப் பூட்டு உள்ள சாதாரணப் பிளாஸ்டிக் கதவை வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே மட்டும் வரலாம், வெளியே மட்டும் போகலாம், இரண்டும் முடியும், இரண்டும் முடியாது என்று நான்கு நிலைகள். மடல் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதைப் பார்த்து வாங்கியது நல்ல முடிவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே மிளகை அளந்துவிட்டேன். அது சாப்பிடும்போது அம்மாவின் தையல் டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து வயிறு 12 சென்டிமீட்டர், உடம்பின் அகலமான இடம் 13. கதவின் திறப்பு 16 சென்டிமீட்டர் என்பதால் அகலம் சரி. உயரம்தான் முக்கியம். திறப்பின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் குனியாமலும் தாவாமலும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டும். ஜன்னல் என்றால் "தரை" என்பது பூனை நிற்கும் இடம். யுடிலிட்டியில் ஜன்னலுக்கு நேர் கீழே வாஷிங் மெஷின் இருக்கிறது, ஃப்ரன்ட் லோடு, தட்டையான மேல்தட்டு, 85 சென்டிமீட்டர் உயரம். ஜன்னல் திண்டு 91. திண்டிலிருந்து 6 சென்டிமீட்டர் மேலே கதவை வைத்தால் மெஷினிலிருந்து சரியாக 12 வந்தது. அந்தக் கணக்கு கூடி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உள்பக்கம் அம்மாவின் பழைய தையல் மெஷின் மேஜையை நகர்த்தி, அதன் மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உயரத்தைச் சரிக்கட்டினோம்.

பிளைவுட்டும் திருகுகளும் வாங்க எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போனேன். யுடிலிட்டியில் தண்ணீர் தெறிக்கும், மழைச் சாரலும் வரும். சாதாரணப் பிளை ஒரே மழைக்காலத்தில் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 12 மில்லிமீட்டர் கேட்டு வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மரவேலைக்கு வந்த ஆசாரி அண்ணன் திருப்பத்தூர்க்காரர். நான் ஜன்னலின் உயரம் 120 சென்டிமீட்டர் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். "இது கண்ணுக்குத் தெரியற உயரம்மா. மேல இருக்கிற பள்ளத்துக்குள்ள ஏத்தி, அப்புறம் கீழ டிராக்ல இறக்கணும். உள்ள போற அளவையும் சேர்த்துக்கணும்" என்றார். ஸ்கேலை மேல் பள்ளத்துக்குள் விட்டு ஆழம் பார்த்து, 122 என்று குறித்துக்கொண்டார். என் அளவில் வெட்டியிருந்தால் பட்டை நிற்காமல் விழுந்திருக்கும். அகலம் 28 வைத்தோம், கதவின் வெளிச்சட்டத்துக்கு இருபக்கமும் கொஞ்சம் மரம் மிஞ்சும்படி.

டப்பாவில் வந்த அட்டை அச்சை ஒட்டிக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் துளை போட்டு, ஜிக்ஸா பிளேடை அந்தத் துளையில் விட்டு அறுத்தார். பத்து நிமிட வேலை. வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தோம், பூனையின் வயிறு உரசுகிற இடம் அது. விளிம்புகளுக்கு மட்டும் இனாமல் பெயின்ட் இரண்டு கோட். பிளைக்குள் தண்ணீர் ஏறுவது விளிம்பு வழியாகத்தான்.

கதவின் இரண்டு பாதிகளையும் இணைக்கும்போதுதான் சிக்கல். கூட வந்த போல்ட்டுகள் தடிமனான மரக்கதவுக்கானவை. எங்கள் 12 மில்லிமீட்டர் பட்டையில் அவை மறுபக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றன. அண்ணன் ஹேக்ஸா பிளேடால் நான்கையும் அறுத்து, முனையை அரத்தால் ராவிக் கொடுத்தார். மெல்லிய பலகையில் பொருத்துபவர்கள் இதை முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டையைச் செருகிய பிறகு, கண்ணாடிச் சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த சந்தில் பஞ்சுப் பட்டை ஒட்டினோம். கொசுவுக்கு அந்தச் சந்து போதும். கொசுவலைச் சட்டம் மடலின் அசைவில் மோதாதபடி மறுபக்கம் தள்ளினோம்.

இன்னொன்று. பட்டை செருகிய ஜன்னலின் கொக்கி இனி மாட்டாது. அதனால் டிராக்கின் மிச்ச நீளத்துக்குச் சரியாக ஒரு மரக்குச்சி வெட்டிப் படுக்கப் போட்டார் ஆசாரி. வெளியிலிருந்து யாரும் கண்ணாடியைத் தள்ள முடியாது. கிரில் இருந்தாலும் அம்மாவுக்கு அந்தக் குச்சியைப் பார்த்தபின்தான் நிம்மதி.

பொருத்தும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. மிளகைப் பழக்கத்தான் நாள் பிடித்தது.

முதல் மூன்று நாள் மடலையே மாட்டவில்லை. வெறும் ஓட்டை. அந்தப் பக்கம் மெஷின் மேல் அம்மா நெத்திலிக் கருவாடு இரண்டு வைத்து, "மிளகு, வாடா கண்ணு" என்று கூப்பிடுவார். முதல் நாளே தலையை நீட்டியது, இரண்டாம் நாள் முழுதாக வந்துவிட்டது. நான்காம் நாள் மடலை மாட்டி, நூலால் மேலே தூக்கிக் கட்டினேன். அதன்பின் தினமும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பூனைக்கு மூக்குக்கு முன்னால் ஓர் அடிக்குள் இருப்பது தெளிவாகத் தெரியாது, மீசையால்தான் தடவி அறியும். அதனால் மடல் மீசையில் படும்போது அது தயங்குவது இயல்பு. மடல் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சமும் அம்மாவின் உருவமும் முன்பே தெரிந்துவிடும். அதற்காகத்தான் தெளிவான மடல் வேண்டும் என்றேன். மடலின் அடியில் இருக்கும் காந்தத்தின் மேல் டேப் ஒட்டி, "டக்" என்று ஒட்டிக்கொள்ளும் சத்தத்தையும் குறைத்து வைத்தேன்.

ஆறாம் நாள் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஆசையில் மிளகைத் தூக்கி மடல் வழியாகத் தள்ளிவிட்டாள். அதோடு மூன்று நாள் அது ஜன்னல் பக்கமே வரவில்லை. பூனையைக் கையால் தள்ளவே கூடாது, கதவை அது ஒரு பொறியாக நினைத்துவிடும். மறுபடி நூல், மறுபடி கருவாடு. பதினோராம் நாள் திரும்பப் பழகி வந்த நேரத்தில் நான் துணி போட்டுவிட்டேன். மிளகு மெஷின் மேல் கால் வைத்ததும் ஸ்பின் ஆரம்பித்துவிட்டது. பாய்ந்து ஓடியது. அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு மேல்தான் மெஷின் ஓடும் என்று வீட்டில் சட்டம். பதினான்காம் நாள் அதிகாலையில் அந்த "டக்" சத்தம் யாரும் கூப்பிடாமலே கேட்டது. அம்மா காலையில் எழுந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்.

மூன்றாவது வாரம் தெருவில் சுற்றும் கடுவன் ஒன்றும் கதவைக் கற்றுக்கொண்டுவிட்டது. மிளகின் கிண்ணத்தைக் காலி செய்ததோடு தையல் மேஜையின் காலில் மூத்திரமும் பீச்சிவிட்டுப் போனது. நான்கு நிலைப் பூட்டு இதற்கு உதவாது, மிளகுக்குத் திறக்கும் கதவு கடுவனுக்கும் திறக்கும். விரட்டுவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "அதுவும் பசியிலதானே வருது" என்றார். ஒரு விலங்கு நல அமைப்பிடம் பேசி, கூண்டு வாங்கி வைத்துப் பிடித்து, அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தோம். அடையாளத்துக்குக் காது நுனியை மட்டும் லேசாக வெட்டியிருந்தார்கள். அதற்கான சோற்றை வாசல் கேட்டுக்கு அருகில் வெளியே வைக்க ஆரம்பித்தோம், மிளகின் கிண்ணம் சமையலறைக்குள் போனது. சில வாரங்களில் பீச்சுவது நின்றுவிட்டது. மிளகுக்கு ஆறு மாதத்திலேயே அறுவை செய்துவிட்டோம், தடுப்பூசியும் வருடா வருடம் போடுகிறோம். வெளியே போய்வரும் பூனைக்குக் கதவு வைப்பதற்கு முன்னால் இந்த இரண்டும் முடிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பெரிய ரோட்டை ஒட்டிய வீடாக இருந்திருந்தால் கதவே வைத்திருக்க மாட்டேன். எங்களுடையது முட்டுச்சந்து.

தீபாவளிக்கு முந்தைய நாள் மதியமே பூட்டை "உள்ளே மட்டும்" என்ற நிலைக்குத் திருப்பி வைத்தேன். வெளியில் இருக்கும் பூனை வரலாம், வந்த பூனை திரும்பப் போக முடியாது. போன வருடம் முதல் சரவெடிக்கே மிளகு எங்கோ பதுங்கி, மறுநாள் மதியம்தான் திரும்பி வந்தது. அம்மா அன்று இரவு முழுக்கக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வருடம் நாலரை மணிக்குத் தெருக்கோடியில் முதல் வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் மடல் அடித்துக்கொண்டு திறந்தது. மிளகு உள்ளே பாய்ந்து அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பூட்டை முழுதாக மூடினேன். அம்மா ஒரு போர்வையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பலகாரம் பார்க்கச் சமையலறைக்குப் போனார்.