வயலைத் தொடாமலே வயலைக் கொல்லலாம்

நிலக்கரி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 1977-இல் அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டம்தான் எனக்கு ஞாபகம் வரும். மேற்குத் தீர்க்கரேகை 100 பாகைக்கு அப்பால், அதாவது நாட்டின் மேற்குப் பக்கம், மழை குறைந்த பகுதியில், ஆற்று வண்டல் படிந்த பள்ளத்தாக்கில் விவசாயம் நடந்தால் சுரங்கம் அதை நிறுத்தக் கூடாது என்கிறது அது. சரி, வயலை விட்டுவிட்டுப் பக்கத்து மேட்டைத் தோண்டினால்? அப்போதும் வயலுக்கு வரும் ஆற்றுநீரும் நிலத்தடி நீரும் அளவிலோ தரத்திலோ பெரிதாகக் கெடக் கூடாது.

இந்த இரண்டாவது பாதிதான் சட்டத்தின் உயிர். மொன்டானா, வயோமிங் என்ற மேற்கு மாநிலங்கள் பக்கம் பல இடங்களில் நிலக்கரிப் படிவமே நீர் ஊறி ஓடும் அடுக்கு, அதை வெட்டி எடுத்தால் சுற்றுக் கிணறுகளில் மட்டம் இறங்கும், அப்புறம் குழியை மூடினாலும் உடைந்த பாறை வழியே கசிந்து வரும் நீரில் உப்பு ஏறும். ஆற்றோரத்தில் வளரும் குதிரை மசால் என்ற தீவனப் பயிர் வாய்க்காலை மட்டும் நம்பி நிற்பதில்லை. அதன் வேர் ஆழமாக இறங்கிக் கீழிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. அந்த ஈரம் வேருக்கு எட்டாமல் போனால் மேலே வரப்பு அப்படியே இருந்தும் பயனில்லை.

விலக்குகளும் உண்டு. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே அங்கே வணிக அளவில் நிலக்கரி எடுத்த சுரங்கங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, தண்ணீருக்குப் பழைய சுரங்கம் புதிய சுரங்கம் என்று வித்தியாசம் தெரியுமா என்ன?

எங்கே சுரங்கம் வந்தாலும் முதல் மண்ணை அள்ளுவதற்கு முன்பே கிணற்று மட்டத்தையும் நீரின் உப்பையும் பருவத்துக்குப் பருவம் அளந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு விவசாயி கையிலும் இருக்க வேண்டும்.