மருத்துவம் முதலாண்டு: பார்க்காமல் வரைந்து பழகுங்கள்

முதலாண்டு முடிவு போன வாரம் வந்தது, எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன். அந்த நிம்மதியில் எழுதுகிறேன். மலேசியாவில் நம் ஊரான சுங்கை சிப்புட் வந்ததிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்டிபிஎம், மெட்ரிக்குலேஷன் முடித்த தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எப்படிப் படிச்சீங்க?"

வரைந்து படித்தேன். பள்ளியில் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வின் உயிரியலுக்குக் கைகொடுத்த மனப்பாடமும் பழைய கேள்வித்தாளும் இங்கே பாதித் தூரம்தான் வரும்.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்திலிருந்து வரும் சி5 (கழுத்து) முதல் டி1 (நெஞ்சு) வரை 5 வேர், அப்புறம் 3 தண்டு, 6 பிரிவு, 3 வடம், கடைசியில் 5 நரம்பு. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரையுங்கள். கை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உங்களுக்குத் தெரியவில்லை. முழுதாக வந்த பிறகு, எந்த இடம் அடிபட்டால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மோட்டார்சைக்கிளிலிருந்து தோள்பட்டை இடிபட விழுந்தால் சி5, சி6 போகும். கை உள்பக்கம் திரும்பித் தொங்கிவிடும். ரம்புத்தான் மரத்தில் வழுக்கி, ஒரு கையால் கிளையைப் பிடித்துத் தொங்கினால் சி8, டி1. விரல்களை இயக்கும் சின்னத் தசைகள் போய்விடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பாடம் நடத்தியா சொல்ல வேண்டும்?

மேசை மேசையாக நகர்ந்து பதில் எழுதும் செய்முறைத் தேர்வான ஓஸ்பியில் இதுதான் காப்பாற்றும். மேசையில் ஒரு ஹியூமரஸ் (மேற்கை) எலும்பு, அதன் பின்பக்கப் பள்ளத்தில் ஒரு அம்புக்குறி. இங்கே ஓடும் நரம்பு எது, அறுந்தால் என்ன தெரியும்? ரேடியல், மணிக்கட்டு தொங்கும். யோசித்துக்கொண்டே நின்றால் மணி அடித்துவிடும், அடுத்த மேசைக்குப் போயே ஆக வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- பயோகெமிஸ்ட்ரி: உடலில் நடக்கும் ஒவ்வொரு வேதிவினைப் பாதையிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்சைம், அது குறைந்தால் வரும் நோய். ஜி6பிடி (குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் என்சைம்) கட்டாயம்; நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதிக்கிறார்கள்.
- ஹிஸ்டாலஜி (மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்ப்பது): முதலில் லோ பவர். எடுத்ததும் பெரிதாக்கினால் எந்த உறுப்பென்றே பிடிபடாது.
- பிபிஎல் (ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்துக் குழுவாக விவாதிக்கும் வகுப்பு): வாய் திறந்து பேசுங்கள். தோட்டத்துப் பள்ளியில் பெரியவர்கள் முன் அடக்கமாக இருக்கப் பழகியவர்கள் நாம். இங்கே அதற்கு மதிப்பெண் கிடையாது. இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, யாரும் சிரிப்பதில்லை.

வகுப்பு தொடங்கும் முன் எதையும் படித்து வைக்க வேண்டாம். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன்னுக்குரிய பத்திரங்களை மட்டும் இப்போதே சேர்த்து வையுங்கள். பணம் இழுத்தடித்தால் புத்தகத்தில் மனம் நிற்காது.