தர்பனிலிருந்து எஸ்ஸனுக்கு: ஆட்டத் திருவிழாவுக்கு ஷெங்கன் விசா

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கிறது ‘ஷ்பீல்’. 1983-இல் தொடங்கிய பலகை விளையாட்டுத் திருவிழா. இப்போது நான்கு நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2025-இல் அக்டோபர் 23 முதல் 26 வரை, தீபாவளி முடிந்த சூட்டோடு வந்தது. தென்னாப்பிரிக்காவின் தர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் துனீ சீட்டாட்ட மேசையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் விசா விலக்கு கிடையாது.

வியாபாரத்துக்குப் போகிறவர் பின்னால் ஒரு கம்பெனி நிற்கிறது. கல்யாணத்துக்குப் போகிறவர் பின்னால் சொந்தக்காரர் நிற்கிறார். ஆட்டம் ஆடப் போகிறவருக்குக் கையிலிருக்கும் காகிதங்கள்தான் துணை. வளர்ந்த மனுஷர் ஆட்டப் பெட்டி வாங்க இத்தனை தூரம் பறப்பாரா என்று அதிகாரி சிரிப்பதில்லை. அந்தத் திருவிழா ஜெர்மனியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: படிவத்தில் ஒரு தேதி, ஹோட்டலில் ஒரு தேதி, லீவு கடிதத்தில் இன்னொரு தேதி.

முதலில் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விமானம் எங்கே இறங்குகிறது என்பது கணக்கில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்கள் என்பதே கணக்கு. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, எஸ்ஸனில் நான்கு ராத்திரி, பிறகு பாரிஸில் ஆறு ராத்திரி என்றால் அது பிரான்ஸுக்குப் போக வேண்டிய விண்ணப்பம். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. ‘ஜெர்மனியில் சுலபமாகக் கிடைக்கிறதாம்’ என்று அங்கே போட்டுவிட்டு ஹோட்டல் பட்டியலில் பாரிஸை நீட்டினால், வாங்காமலே திருப்பி அனுப்பவும் கூடும்.

காலக் கணக்கு இது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பம் ஏற்கிறார்கள். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் ஏற்பதில்லை. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை. அக்டோபர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே கதவு திறந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் ஐரோப்பியக் கோடைக்குப் போகிறவர்கள் மொய்ப்பதால் நேர ஒதுக்கீடு கிடைப்பது பெரும்பாடு. அதற்குமுன், மே மாதத்தில் கொடுத்துவிடுவது நல்லது. ஜெர்மன் தூதரகம் பிரிட்டோரியாவில், துணைத் தூதரகம் கேப் டவுனில். கைரேகைக்கு விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போக வேண்டும் என்பதால், தர்பனில் நேரம் கிடைக்காவிட்டால் ஜொஹானஸ்பர்க் பக்கம் போகும் செலவையும் ஒரு நாள் லீவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும். ஆனாலும் பழைய விசா இருக்கிற பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பின்னால் வேறு விதத்திலும் உதவும்.

பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் உயிர் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இதில் நம் மக்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பாங்குக் கணக்கில் கணவர் குடும்பப் பெயர். தாத்தா காலத்து எழுத்தர் ஒருவர் ‘கோவிந்தர்’ என்பதை எப்படி எழுதினாரோ, அது ஒரு சான்றிதழில் ஓர் எழுத்து கூடியும் இன்னொன்றில் குறைந்தும் கிடக்கும். திருமணச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடு சேர்ப்பது முதல் வேலை. எழுத்து வேறுபாட்டை உள்துறை அலுவலகத்தில் திருத்த நேரமில்லை என்றால், இரு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாணம் பெறும் அதிகாரியான கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன் கையெழுத்திட்டு வையுங்கள். டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். செல்லப் பெயரில் ஹோட்டல் பதிவு செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படிவத்தில் ‘பயண நோக்கம்’ என்று ஒரு கட்டம். பார்வையாளராகப் போய் ஆடி, வாங்கி, திரும்புவதென்றால் சுற்றுலா. சொந்தமாக வடிவமைத்த ஆட்டத்தின் மாதிரிப் பெட்டியோடு பதிப்பாளர்களைச் சந்திக்கப் போனால் அது வணிகம். சந்திப்பு உறுதியான மின்னஞ்சல்களை அச்செடுத்துச் சேருங்கள். மிகவும் ஆபத்தானது மூன்றாவது வகை. ஒரு பதிப்பாளரின் கடையில் நின்று வருகிறவர்களுக்கு ஆட்டத்தை விளக்கிக் காட்டினால் நுழைவுச் சீட்டும் சில பெட்டிகளும் இலவசம் என்பார்கள். காசு கைமாறாவிட்டாலும் உழைப்புக்கு ஈடாகப் பொருள் வாங்குவது வேலை என்று பார்க்கப்படலாம். குறுகிய கால விசா வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தருவதில்லை. இதைச் சுற்றுலா என்று எழுதிவிட்டு, பதிப்பாளரின் கடிதத்தை ‘கூடுதல் பலத்துக்காக’ இணைப்பது தானே குழி வெட்டிக்கொள்வதுதான். முதலில் தூதரகத்தில் எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஷ்பீலுக்கு நுழைவுச் சீட்டே போதிய சான்று. சின்னத் திருவிழாக்களுக்கு அமைப்பாளரிடம் கடிதம் கேட்க வேண்டியிருக்கும். ‘எங்கள் விழாவுக்கு அன்போடு அழைக்கிறோம்’ என்ற ஒரு வரிக் கடிதம் எதற்கும் ஆகாது. உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விழா நடக்கும் இடம், தேதிகள், நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள், தங்கும் செலவும் பயணச் செலவும் யாருடையது, கையெழுத்திட்டவரின் பொறுப்பு, தொலைபேசி எண் எல்லாம் அதில் வேண்டும். வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் சிரமமில்லை. ஜெர்மனியில் இருக்கும் ஆட்ட நண்பர் உங்கள் செலவை ஏற்பதாக இருந்தால் சாதாரணக் கடிதம் போதாது. அவர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி ‘ஃபெர்ப்ஃப்ளிஹ்டுங்ஸெர்க்லேருங்’ என்ற செலவுப் பொறுப்புப் பத்திரம் எடுத்து, அதன் அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அந்தப் பத்திரம் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும். உங்கள் மருத்துவச் செலவுகூட அவர் தலையில் விழலாம் என்பதால் யோசித்துக் கேளுங்கள்.

பணத்துக்கு மூன்று மாத பாங்கு அறிக்கை, பாங்கின் முத்திரையோடு. மாதச் சம்பளக்காரர் மூன்று சம்பளச் சீட்டும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை லீவு, எந்த நாள் மறுபடி வேலை என்று குறிப்பிடும் முதலாளி கடிதமும் வைக்க வேண்டும். சொந்தத் தொழில் என்றால் கம்பெனிப் பதிவும் வரிச் சான்றும். கணக்கில் திடீரென்று விழும் பெருந்தொகையைப் போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறில்லை. ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழுவின் பணமோ சீட்டுப் பணமோ அந்த மாதம் கைக்கு வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று குழுவின் கணக்கேட்டு நகலோடு ஒரு பத்தி எழுதுங்கள். மாமாவிடம் இரண்டு வாரத்துக்குக் கடன் வாங்கிக் கணக்கைக் கொழுக்க வைக்கும் பழைய தந்திரம் பலிக்காது. அவர்கள் இருப்பை மட்டுமல்ல, வரவும் செலவும் ஓடும் விதத்தையும் பார்க்கிறார்கள்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், போகும் நாளும் வரும் நாளும் சேர. உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல கார்டுகளில், அந்தக் கார்டால் டிக்கெட் வாங்கினால்தான் காப்பீடு உயிர் பெறும். டிக்கெட்டையோ விசா வருமுன் வாங்கக் கூடாது. முன்பதிவு மட்டும் போதும். இந்த முடிச்சில் மாட்டாமல் தனிக் காப்பீடு எடுப்பதே மேல். ஹோட்டலையும் ரத்து செய்யக்கூடியதாகவே போடுங்கள். திருவிழா வாரத்தில் எஸ்ஸனில் அறை விலை ஏறிவிடும். போஹும், டூயிஸ்புர்க், டியூஸல்டார்ஃப் எல்லாம் ரயிலில் எட்டிவிடும் தூரம்.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயதுக் குழந்தைக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது.

போகிற வழியில் லண்டனில் சொந்தக்காரர்களைப் பார்க்கலாமே என்று தோன்றும். பிரிட்டன் ஷெங்கன் இல்லை. அதற்குத் தனி விசா. ஜெர்மனி, லண்டன், மறுபடி ஜெர்மனி என்று திட்டமிட்டால் ஒரு நுழைவு விசா லண்டனுக்குக் கிளம்பும்போதே முடிந்துவிடும். விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் பெயர், தேதிகள், நுழைவு எண்ணிக்கை, தங்கும் நாள் நான்கையும் மையத்து வாசலிலேயே சரிபாருங்கள்.

மறுத்தால் காரணம் குறித்த படிவம் தருவார்கள். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்துக்கே மனு எழுதும் வழியை நிறுத்திவிட்டது. இனி ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றம், அல்லது புதிய விண்ணப்பம். ஆட்டத் திருவிழாவுக்கு நீதிமன்றம் ஏறுவது வீண் செலவு. படிவத்தில் குறியிட்ட காரணத்தை மட்டும் சரிசெய்து மறுபடி போடுங்கள். பழைய மறுப்பை மறைக்காதீர்கள், அது அவர்களுடைய கணினியில் ஐந்து வருஷம் இருக்கும். சொன்னபடி போய் வந்த விசாக்களும் அதேபோல் நிற்கும்: இரண்டு வருஷத்துக்குள் மூன்று விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தினவருக்கு ஒரு வருஷப் பல நுழைவு விசா தர வேண்டும் என்பதே அவர்களுடைய விதி.

திரும்பும்போது கிங் ஷாகா விமான நிலையத்தில் இன்னொரு கணக்கு. ஆளுக்கு 5,000 ரேண்ட் வரை வரியில்லை. அதற்குமேல் 20,000 ரேண்ட் வரை ஒரே விகிதமாக 20 சதவீதம் கட்டலாம். 9,000 ரேண்டுக்கு ஆட்டம் வாங்கியிருந்தால் 800 ரேண்ட் வரி. பெட்டியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டால் பழைய பொருளாகி வரி போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பொருளும் அந்த 5,000-க்குள்தான் எண்ணப்படும். ரசீதை மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.