வட்டியே கிடையாதாம்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு மொபைல் கடை. தேயிலைக் கறை ஏறிய விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து, டேப்லெட்டில் கையெழுத்துப் போடப் பார்த்தார் ஒரு அக்கா. மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாளாம், அவளுக்குத் தவணையில் ஒரு போன்.

"ஜீரோ காஸ்ட் இஎம்ஐ அக்கா, வட்டியே கிடையாது."

பில்லில் பிராசஸிங் ஃபீ 999 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 180.

அந்த அக்காவுக்கு இது இரண்டு நாள் பறிப்புக் கூலிக்கும் மேல்!

வட்டி இப்படித்தான் பிராசஸிங் ஃபீ என்ற பெயரில் ஒளிந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சுற்றறிக்கை விட்டது.

அமெரிக்காவில் போன் தவணை பெரும்பாலும் சிம் கம்பெனி பில்லோடு வரும். இங்கே சிம் தனி, கடன் தனி. டவர் எடுக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். தவணை தவறினாலோ, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் வரை போகும். நாளைக்கு மகளின் கல்விக் கடனுக்கே குறுக்கே நிற்கும்.

2024 அக்டோபரிலிருந்து இந்த மாதிரிக் கடனுக்கெல்லாம் முக்கிய விவரத் தாள் கொடுத்தே ஆக வேண்டும், வாங்குபவருக்குப் புரிகிற மொழியில். கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும்.

தமிழில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.