'தி பிக் ஷார்ட்' பார்க்க கொஞ்சம் முள்ளுக்கத்தரி

2008 அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடியைப் பற்றி 2015-ல் வந்த இந்தப் படத்தில் பலர் திணறுவது சிடிஓ (CDO, பல கடன் பத்திரங்களைக் கலந்து செய்த புதிய பத்திரம்) வரும் இடத்தில். விற்காத பழைய மீனை ஒரு சமையல்காரர் குழம்பில் போட்டு அதை விளக்குவார். வேலூர்க்காரர்களுக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரியே போதும்: லாங்கு பஜாரில் மூன்று நாள் கிடந்து வாடிய காய், எண்ணெய்க் கத்தரிக்காய் ஆகிவிட்டால் 'இன்றைய ஸ்பெஷல்'!

கணக்கு இதுதான். 100 கோடி வீட்டுக்கடனை மூட்டை கட்டி, அடுக்கடுக்கான பத்திரங்களாக விற்கிறார்கள். நட்டம் கீழிருந்து தின்னும். 5 முதல் 8 கோடி வரையிலான நட்டத்தை ஏற்கும் அடுக்கு பிபிபி (BBB, சுமாரான தரமதிப்பீடு) என்று வையுங்கள். நட்டம் 5 கோடி வரை அதற்குக் கீறல் விழாது, 8 கோடி ஆனால் மொத்தமும் போச்சு. இப்படிப்பட்ட மெல்லிய அடுக்குகளை நூறு மூட்டைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததுதான் சிடிஓ. நூறும் ஒரே நேரத்தில் மூழ்காது என்று நம்பி அதன் பெரும்பகுதிக்கு ஏஏஏ (AAA, மிகப் பாதுகாப்பானது என்ற உச்ச தரமதிப்பீடு) முத்திரை குத்தினார்கள். ஆனால் பல கடன்களுக்கு முதல் 2 வருடம்தான் குறைந்த வட்டி. 2005, 2006-ல் வாங்கியவர்களுக்கு 2007, 2008-ல் தவணை எகிறியது. வீட்டு விலையும் விழுந்ததால் மறுகடன் கிடைக்கவில்லை.

படத்தில் வரும் நிதி மேலாளர் மைக்கேல் பர்ரி வாங்கியது இந்த வீட்டுக்கடன் அடுக்குப் பத்திரங்களுக்கான காப்பீடு போன்ற ஒன்று; பத்திரம் மூழ்கினால் அவருக்குப் பணம். 2% பிரீமியம் என்றால் 100 கோடிக்கு வருடம் 2 கோடி, சரிவு வரும்வரை கட்டியே ஆகவேண்டும். அவருடைய முதலீட்டாளர்கள் கொதித்தது அதனால்தான். மக்கள் வீட்டுக்கடன் தவணை கட்டுவது நின்ற பிறகும் பத்திர விலை இறங்காத காட்சியைக் கவனியுங்கள்: விலை சொல்வது, அதை விற்ற வங்கியேதான்.