எட்டாயிரம் எங்க இருந்துச்சு?

“அப்ப இந்த எட்டாயிரம் போன மாசம் எங்க இருந்துச்சு ஐயா?”

ஃபெக்டரியில வேல செஞ்ச பையன் ஒருத்தன் வேலய விடுறேன்னு லெட்டர் குடுத்தான். எட்டாயிரம் அலவன்ஸ் கூட்டித் தர்றோம், நில்லுன்னு துரை, அதான் எங்க தோட்டத்து மேனேஜர், சொல்லி அனுப்புனாரு. தோட்டத்துக் கிளாக்கர் நான் போய் சொன்னப்பதான் அவன் இப்பிடிக் கேட்டான். கோவமா எல்லாம் கேக்கல. வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற செக் ரோல்ல ஒருநாள் பேர் விட்டுப்போச்சுன்னா ஒபிஸ் ஜன்னல்ல வந்து கேப்பாங்களே, அப்பிடித்தான் கேட்டான். “அது துரைகிட்டதான் கேக்கணும் தம்பி”ன்னு நான் சொன்னேன். உண்மையும் அதுதான். அலவன்ஸ் கூட்டுறது கொறைக்கிறது கிளாக்கர் கையில இல்ல, துரை சொல்லி அனுப்புனாரு, நான் போய் சொன்னேன், அவ்வளவுதான் என் வேல. ஆனா அந்தக் கேள்வி மட்டும் மண்டைய விட்டுப் போக மாட்டேங்குது.

லெட்டர் குடுத்த பொறகுதான் இந்த எட்டாயிரம் பேச்சே வந்துச்சு. அதுக்கு முந்தி அவன் சம்பளம் கேட்டு வந்ததே இல்ல. ஒரே ஒரு தடவ வந்து, தலவாக்கலை தேயில ஆராய்ச்சி நிலையத்துல ட்ரெய்னிங் ஒண்ணு இருக்கு, அனுப்ப முடியுமான்னு கேட்டான். சீசன் நேரம், ஃபெக்டரியில ஆள விட ஏலாது, பொறகு பாப்போம்னு பதில் வந்துச்சு. அந்தப் பதிலக் கொண்டுபோய் குடுத்ததும் நான்தான். அது அநியாயமான பதிலும் இல்ல. எங்க திம்புள மலைப் பக்கம் நல்ல தேயிலைக்கு சீசன் ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும்தானே, அந்தக் காஞ்ச குளிர்காத்துல வர்ற மணத்த அப்பிடியே புடிச்சுக் குடுத்தாத்தான் கொழும்பு ஏலத்துல வெல நிக்கும், அந்த நேரத்துல போய் அவனையா அனுப்புறது? கொழுந்த உருட்டுற ரோலர்ல இருந்து எறங்குன தூள கையில அள்ளி மோந்து பாத்துட்டு “இப்ப ட்ரையருக்குப் போடலாம்”னு சொல்றவன் அவன். ஃபெக்டரியப் பாத்துக்கிற டீமேக்கர் கடிகாரத்தப் பாப்பாரு, இவன் மூக்க நம்புவான், அனேகமா இவன் சொல்றதுதான் சரியா இருக்கும். கெட்டிக்காரன்ங்கிறதாலயே அவன விடல. இப்ப யோசிச்சா, கெட்டிக்காரனா இருந்ததுக்கு அவனுக்கு நாங்க குடுத்தது அதுதான் போல.

வருசம் முழுக்க சீசனாங்கன்னு நீங்க கேக்கலாம். இல்லதான். ஏப்ரல்ல நானாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. அது என் டிபார்ட்மென்ட் இல்லன்னு நான் சொல்றேன்.

இந்த ஊர்ல ஆள் வேலய விடாம நிக்கிறதுக்குன்னு யாரும் யோசிச்சதே கெடயாது, அந்தத் தேவையே வரல. முந்தி துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, ஆள் சேத்து வேல வாங்குற கங்காணிகிட்ட உள்ள கடன எழுதி, அதக் கட்டுனா ஆள விடலாம்னு ஒரு கடதாசி, அது இல்லாட்டி அடுத்த தோட்டத்துல சேக்க மாட்டாங்க. 1921ல சட்டம் போட்டு நிப்பாட்டுனாங்க. அதுக்குப் பொறகும் தொழிலாளிங்களுக்கு லயத்துக் காம்பரா, அதான் வரிச வீட்டு அறை, இருந்துச்சு, ஸ்டாஃபுக்கு குவாட்டர்ஸ் இருந்துச்சு, வேலய விட்டா வீடும் போகும்னு பயந்தே சனம் நின்னுச்சு. நானும் அப்பிடி நின்னவன்தான், விசுவாசம்னு வெளிய சொல்லிக்குவேன். இந்தப் பையனுக்கு அந்தப் பயம் இல்ல. காலி பக்கம் வெளிக்கொழுந்து, அதான் சிறுதோட்டக்காரங்க பறிக்கிற கொழுந்து, வாங்குற தனியார் ஃபெக்டரி ஒண்ணுல கூப்புட்டிருக்காங்க, அங்க ரூம் குடுக்குறாங்க, அப்பா அம்மா இங்க லயத்துல இருக்காங்க, பேக்க தூக்கிக்கிட்டு போயிட்டான். நாட்டுல பாதிக்கு மேல தேயில இப்ப சிறுதோட்டக்காரங்க கொழுந்துலதான் வருது, மூக்கு உள்ளவன அவங்க சும்மா விடுவாங்களா.

காசுக்காகப் போகல, மதிக்காததாலதான் போனான்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். ஆனா போன எடத்துல சம்பளமும் கூடத்தான், அதையும் சொல்லணும். எட்டாயிரத்துக்குப் பதிலா இருவதாயிரம்னு சொல்லியிருந்தா அந்தக் கேள்வியக் கேட்டிருப்பானான்னும் சில நேரம் தோணும். கேட்டிருப்பான்னுதான் நெனைக்கிறேன். தெரியல.

அவன் போன கையோட இன்னொரு பையன் வந்து, “லெட்டர் குடுத்தாத்தான் கூட்டுவீங்களா ஐயா?”ன்னு கேட்டான். வெளாட்டா கேட்டானா நெசமா கேட்டானா தெரியல, ஒபிஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. அவனச் சொல்லியும் குத்தமில்ல. நாள் சம்பளம் 2021ல ஆயிரமானது அரசாங்க வர்த்தமானியில, 2024ல 1350 ஆனதும் வர்த்தமானியிலதான், வெளிய இருந்து யாராவது தள்ளுனாத்தான் இங்க ஒரு ரூவாயாவது கூடும்னு பாத்துப் பாத்து வளந்த புள்ளைங்க. அவங்களுக்கு ரெசிக்னேஷன் லெட்டரும் ஒரு தள்ளுதான்.

இதெல்லாத்தயும் ஒருநாள் துரைகிட்ட, கொஞ்சம் பக்குவமா, சொன்னேன். லெட்டர் வர்றதுக்கு முந்தியே நல்ல பையங்க நாலு பேரக் கூப்புட்டு என்ன வேணும்னு கேட்டா என்ன சேர்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. பொறகு, “கேட்டா சொல்லுவானுங்க கிளாக்கர், சொன்னா குடுக்கணும், நாலு பேருக்குக் குடுத்தா நாப்பது பேரு வந்து நிப்பானுங்க, அடுத்த மாசம் சம்பளத்துக்கு நீங்க எங்க இருந்து எடுப்பீங்க?”ன்னு கேட்டாரு. தோட்டத்துக் கணக்கு என் மேசையிலதான் இருக்கு, அவரு சொன்னது பொய்யில்ல. ட்ரெய்னிங்குக்கு அவ்வளவு காசு போகாதே சேர்னு சொல்ல வாய் வந்துச்சு, அதுக்குள்ள ஃபெக்டரியில இருந்து கோல் வந்து அவரு எழும்பிப் போயிட்டாரு.