வைட்டமின் மாத்திரை போட்டால் புகைக்கு ஈடாகுமா?

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "தினமும் ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் பைக் ஓட்டுறேன், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. நானும் அப்படி ஒரு டப்பா வாங்கிக் காசைக் கரியாக்கியவன்தான், அதனால் சிரிக்கவில்லை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே.

நம் மூச்சுக்குழாயின் உள்பக்கத்தை மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. இழுக்கும் மூச்சோடு வரும் ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் செல்லைத் தொடுவதற்கு முன் இதில்தான் விழ வேண்டும். வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டதியோன் ஆகிய ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அதில் கரைந்திருக்கின்றன. (யூரிக் அமிலம் என்றதும் கால் பெருவிரல் வலிதான் ஞாபகம் வரும், மூக்கிலோ அது காவலுக்கு நிற்கிறது.) வந்த வாயுவுக்குத் தங்கள் எலக்ட்ரானைக் கொடுத்து அதை அடக்கிவிட்டு இவை செலவாகிப் போகும். நுரையீரலின் ஆழத்தில் இருக்கும் படலத்தில் குளுட்டதியோன் அளவு ரத்த பிளாஸ்மாவில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். வைட்டமின் சி-யை நம் உடலால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். குளுட்டதியோனை மூன்று அமினோ அமிலங்களைக் கோர்த்து உடலே செய்துகொள்கிறது, இது பின்னால் தேவைப்படும்.

வாயுவைச் சமாளித்தாலும் நுண்துகள் வேறு ரகம். பிஎம் 2.5 என்பது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சிறிது. டீசல் கரியும், பிரேக் தேய்ந்து பறக்கும் இரும்பும் செம்பும் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகின்றன. இவற்றால் செல்லுக்குள் உருவாகும் சூப்பராக்சைடை (வினைபுரியத் துடிக்கும் ஒரு வகை ஆக்ஸிஜன்) ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது, 1969-ல் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்க கேட்டலேஸ் போன்ற நொதிகளும் இருக்கின்றன. ஆனால் அதற்குள் இரும்பு குறுக்கே வந்துவிட்டால் பெராக்சைடு ஹைட்ராக்சில் ரேடிக்கலாகிவிடும், அதை அடக்க உடலில் தனியாக எந்த நொதியும் கிடையாது, பக்கத்தில் கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ எது இருந்தாலும் அதைத் தாக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் என்ஆர்எஃப் 2 என்கிற புரதம்தான். செல் இதை ஓயாமல் தயாரிக்கிறது, கீப் 1 என்ற இன்னொரு புரதம் பிடித்துப் பிடித்து அழிப்பதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. என்ன வீண் வேலை என்று தோன்றும். ஆனால் கீப் 1-ல் கந்தகம் உள்ள சில இடங்கள் இருக்கின்றன, புகை வந்து அவற்றைத் தொட்டதும் அதன் பிடி தளர்கிறது, என்ஆர்எஃப் 2 சேர்ந்துகொண்டே போய் உட்கருவுக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஓட வைக்கிறது. குளுட்டதியோன் தயாரிப்பு கூடுகிறது, நச்சைக் கழிக்கும் நொதிகள் கூடுகின்றன. அதாவது கொஞ்சம் புகைக்கு உடல் தானே ஈடுகொடுக்கிறது. அளவு மீறினால் அழற்சிக்கான சமிக்ஞைகள் கிளம்பும், வந்து சேரும் வெள்ளணுக்கள் தாங்களும் எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்ஸிடன்ட்டுகளைக் கக்கும், இன்னும் மீறினால் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி செல்லே சாகும். வயதாக ஆக இந்த என்ஆர்எஃப் 2 மந்தமாகிறது.

இதெல்லாம் சோதனைக் குழாய்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2007-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் ஆஸ்துமா உள்ள 60 பேரை டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு நாளும், ஹைட் பூங்காவில் இன்னொரு நாளும் இரண்டிரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். தெருவில் நடந்த நாளில் நுரையீரல் திறன் கூடுதலாகக் குறைந்தது, சளியில் அழற்சியின் அடையாளங்களும் கூடின.

சரி, மாத்திரை? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தி 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். ஆனால் மெக்சிகோ நகரத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்தபோது ஓசோனின் பாதிப்பு குறைந்தது, அதிலும் நச்சை நீக்கும் ஜிஎஸ்டிஎம் 1 மரபணு இல்லாத குழந்தைகளுக்குப் பலன் கூடுதல். சீனாவின் சிடோங் பகுதியில் பிராக்கோலி முளை பானத்தை 12 வாரம் குடிக்க வைத்தார்கள், அதில் உள்ள சல்ஃபோராஃபேன் மேலே சொன்ன என்ஆர்எஃப் 2-வைத் தட்டி எழுப்பும், வாகனப் புகையில் வரும் பென்சீன் என்ற நச்சின் கழிவு சிறுநீரில் 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. நோய் குறைந்ததா என்பது வேறு கேள்வி, அதை இந்த ஆய்வு பார்க்கவில்லை.

அதனால் நண்பரிடம் டப்பாவைவிட வழியைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். பெரிய சாலைக்கு இணையாக உள்தெரு இருந்தால் அதில் போகலாம், நெரிசல் நேரத்தைத் தள்ளிப் போடலாம், முகத்தில் சரியாக ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆனால் ஓசோனைத் தடுக்காது. அப்புறம் அந்தச் சாலை ஓரத்தில் ஓட்டப் பயிற்சி வேண்டவே வேண்டாம், ஓடும்போது ஓய்வில் இழுப்பதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ டப்பாவைத் திருப்பிக் கொடுத்தா எடுத்துக்குவாங்களா?" என்றார்.